துணியில் தைத்துக் கோடிங் சொல்லிக்கொடுக்க எந்தப் போர்டு வாங்கலாம்?

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணி, ஊசி, எல்இடி, பேட்டரி இவற்றை வைத்தே கணினியின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்ததாகக் கேட்பது, எந்தப் போர்டு, அதாவது நாம் எழுதுகிற நிரலை ஏற்றி விளக்கையும் சென்சாரையும் இயக்குகிற குட்டிக் கணினித் தட்டு, வாங்குவது என்பதைத்தான். லில்லிபேடா, மைக்ரோபிட்டா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிற ஆர்டுயினோ நானோவா? கேட்கிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். என் மனதில் இருப்பது இப்படி ஒரு வகுப்பு: வியாசர்பாடியிலோ ராயபுரத்திலோ ஒரு பள்ளி, சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம், இருபது பிள்ளைகள், பத்துக் கணினி, கையில் அதிகம் காசு இல்லை.

விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை யோசியுங்கள். விளக்கு எரியாதபோது ஏன் எரியவில்லை என்று அந்தப் பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? வகுப்பு முடிந்ததும் தான் தைத்ததை வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்ட முடியுமா? போர்டின் வேகம், நினைவகம், எத்தனை பின் (வெளியே இணைப்புக் கொடுக்கிற முனை) என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதப்போகும் இருபது வரி நிரலுக்கு இங்கே பேசப்போகும் எல்லாப் போர்டுமே தாராளம்.

ஏன் துணி என்று கேட்பவர்களும் உண்டு. திரையில் கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் எழுதுகிற ஸ்கிராட்ச் இலவசம், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது, அதை நடத்திவிட்டுப் போகலாமே என்பார்கள். நல்ல கேள்விதான். திரையில் ஒரு நிரல் வேலை செய்யவில்லை என்றால் தப்பு நிரலில்தான் இருக்கும். துணியில் அப்படிச் சொல்லிவிட முடியாது: நூல் எங்கோ தளர்ந்திருக்கலாம், ப்ளஸ் நூலும் மைனஸ் நூலும் பின்பக்கம் உரசலாம், எல்இடியைத் திருப்பித் தைத்திருக்கலாம், இல்லை நிரலில் பின் எண் மாறியிருக்கலாம். எங்கே தப்பு என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வரவேண்டும். கணினி வேலையில் மிகவும் தேவைப்படுகிற, வகுப்பில் மிகக் குறைவாகச் சொல்லித்தருகிற பழக்கம் இதுதான். அதுவும் விரலால் நூலைத் தொட்டுக்கொண்டே போய்த் தேடலாம் என்பதால், கோடிங் என்றாலே பயப்படுகிற பிள்ளைகூடத் தைரியமாகத் தேடத் தொடங்கிவிடுகிறது. ரோபோ கார் கிட்டிலும் இது ஓரளவு உண்டு, ஆனால் அதில் ஸ்குரூ மாட்டி முடித்ததும் எல்லாக் காரும் ஒரே மாதிரி இருக்கும். துணியில் ஒருத்தி மயில் தைப்பாள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சிஎஸ்கே சிங்கத்தைத் தைப்பான்.

இந்த வழிக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. துணியில் தைக்கும்படி வட்டமாக, ஓரத்தில் பெரிய துளைகளுடன் லில்லிபேட் ஆர்டுயினோவை வடிவமைத்தவர் லியா பீக்லி. ஸ்பார்க்ஃபன் நிறுவனம் அதை 2007இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆர்டுயினோ என்பது புதியவர்களும் நிரல் எழுதிப் பழகலாம் என்று செய்த போர்டு வகை; சாதாரண ஆர்டுயினோவில் ஏதாவது செய்து வெளியிடுபவர்களில் ஆண்களே மிகுதியாக இருக்க, லில்லிபேடில் பெண்களே அதிகம் என்று அவரும் இன்னொருவரும் சேர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அப்புறம் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளில் தொடங்கிய 'எக்ஸ்ப்ளோரிங் கம்ப்யூட்டர் சயின்ஸ்' பாடத்திட்டத்துக்காக யாஸ்மின் கஃபாய், டெபோரா ஃபீல்ட்ஸ் முதலானவர்கள் மின்தையலையே ஒரு முழுப் பாடப்பகுதியாக எழுதினார்கள். காகிதத்தில் ஒரு விளக்கு, அப்புறம் மணிக்கட்டுப் பட்டை, அப்புறம் இருவர் இருவராகச் சேர்ந்து வகுப்புக்கே ஒரு துணிச்சித்திரம், கடைசியில் தொட்டால் மாறுகிற விளக்கு என்று படிப்படியாகப் போகிற அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். இதைப் 'பெண்பிள்ளைகளுக்கான கோடிங்' என்று போஸ்டர் அடிக்காதீர்கள். நம் ஊரில் டெய்லர் மாஸ்டர் பெரும்பாலும் ஆண்தான், பிளவுஸுக்கு ஆரி வேலை செய்கிற பட்டறைகளிலும் வரிசையாக உட்கார்ந்திருப்பது ஆண்கள்தான். தையல் ஆண்பிள்ளைக்கு ஆகாது என்ற எண்ணம் இங்கே அவ்வளவு அழுத்தமாக இல்லை, நாமாக அதைக் கொண்டுவந்து நுழைக்க வேண்டியதில்லை.

சரி, தேர்வுகளுக்கு வருவோம். முதல் தேர்வு, போர்டே வாங்காமல் இருப்பது. ஒரு சிஆர்2032 காயின் செல், சில எல்இடிகள், மின்கடத்தும் நூல், ஒரு பிரஸ் பட்டன். இதில் நிரல் எதுவும் இல்லை, ஆகவே இது கணினிப் பாடம் இல்லை என்று சிலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் மூன்று, நான்கு வாரம் இதை மட்டும்தான் செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று புத்தகத்தில் படம் வரைந்து மார்க் வாங்கிய பிள்ளைகள், இரண்டு சிவப்பு எல்இடியை வரிசையாகத் தைத்துவிட்டு இரண்டுமே ஏன் எரியவில்லை என்று விழிப்பார்கள். சிவப்புக்குக் கிட்டத்தட்ட 2 வோல்ட் வேண்டும், இரண்டுக்கு 4, கையில் இருப்பது 3 வோல்ட் செல். பக்க இணைப்பாக மாற்றினால் எரியும். அடுத்து ஒருவர் சிவப்புக்குப் பக்கத்தில் நீலத்தைத் தைப்பார், நீலம் மட்டும் எரியாது. நீலத்துக்கு 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வேண்டும், சிவப்போ அதற்கு முன்னாலேயே மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு வோல்ட்டேஜைக் கீழே இறக்கிவிடுகிறது. இதைக் கரும்பலகையில் விளக்கினால் பாதிப் பேர் தூங்குவார்கள், துணியில் நடந்தால் எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

இதற்கென்று தைக்கும் எல்இடி வாங்க வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிற சாதாரண எல்இடியின் கால்களை நோஸ் பிளேயரால் சுருட்டினால் ஊசி நுழைகிற வளையமாகிவிடும். நீளமான காலை வட்டமாகவும் குட்டைக் காலைச் சதுரமாகவும் சுருட்டச் சொல்லுங்கள், தைத்த பிறகும் எது ப்ளஸ் என்று தெரியும். காயின் செல் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வீட்டில் தம்பி தங்கை இருக்கும், சின்னக் குழந்தை விழுங்கினால் தொண்டைக்குக் கீழே சிக்கி இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். செல்லை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். வீட்டுக்குப் போகிற பொருளில் செல் வெளியே விழாதபடி மூடித் தைத்த பை இருக்கட்டும்.

நூலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். வெள்ளி பூசிய நூல் தைக்க மென்மையாக இருக்கும், நன்றாகக் கடத்தும், ஆனால் கடற்கரை ஊரின் காற்றில் நாளாக ஆகக் கறுத்துப்போகும். துருப்பிடிக்காத எஃகு நூல் கொஞ்சம் முரடு, பிரிபிரியாக வரும், மின்தடையும் ரகத்தைப் பொறுத்து அடிக்குச் சுமார் 10 முதல் 16 ஓம் வரை இருக்கும். இருந்தாலும் சென்னைக்கு எஃகுதான். எல்இடிக்கு அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை, மோட்டார் ஓட்டத்தான் ஆகாது. முடிச்சு தானாக அவிழும், அதனால் ஒவ்வொரு முடிச்சின் மேலும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள். எஃகில் ஈயப் பற்று ஒட்டாது என்பதால் சால்டரிங் அயர்னோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஊசியில் இழுக்க இழுக்க நூல் பிரிந்துபோகிறது என்று பிள்ளைகள் சலித்துக்கொண்டால் ஆரி வேலைக்காரர்கள் தடித்த ஜரிகைக்குச் செய்வதைச் செய்யச் சொல்லுங்கள்: எஃகு நூலைத் துணியின் மேல் கிடத்தி, சாதாரண நூலால் அங்கங்கே பிடித்துத் தைப்பது. எல்இடி வளையம் வருகிற இடத்தில் மட்டும் எஃகு நூலையே ஊசியில் கோத்து மூன்று நான்கு சுற்று இறுக்கமாகச் சுற்றவேண்டும். ஜரிகையே மின்சாரம் கடத்துமா என்று யாராவது கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். பட்டு இழையின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்கமுலாம் பூசிய அசல் காஞ்சிபுரம் ஜரிகை கடத்தும். இப்போது மலிவான துணிகளில் வருகிற பிளாஸ்டிக் ஜரிகையை நம்பி எதுவும் தைக்க முடியாது. வீட்டிலிருந்து கிழிந்த பட்டுத் துண்டு, ஊக்கு, கொக்கி, வளையல் எல்லாம் கொண்டுவரச் சொல்லி மல்டிமீட்டரின் பீப் ஒலியில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது ஒரு முழு வகுப்புக்குப் போதுமான விஷயம்.

இரண்டாவது தேர்வு, தைப்பதற்கென்றே செய்த போர்டுகள். லில்லிபேட், அடாஃப்ரூட்டின் ஃபுளோரா, அதே நிறுவனத்தின் சர்க்யூட் பிளேகிரவுண்ட் எக்ஸ்பிரஸ். லில்லிபேடின் பழைய ரகத்திலும் இங்கே கிடைக்கிற குளோன்களிலும் (நகல் போர்டுகளிலும்) யூஎஸ்பி இணைப்பு கிடையாது, நிரலை ஏற்ற எஃப்டிடிஐ என்று தனியாக ஒரு சின்னப் போர்டு வேண்டும். அது ஒரு தொல்லை. சர்க்யூட் பிளேகிரவுண்ட் எக்ஸ்பிரஸ்தான் என் கண்ணில் இந்தக் கூட்டத்திலேயே சிறந்தது: சுற்றிலும் 14 பெரிய துளை, போர்டிலேயே பத்து வண்ண எல்இடி, ஒளி, வெப்பம், ஒலி, அசைவு எல்லாவற்றுக்கும் சென்சார், குட்டி ஸ்பீக்கர். மேக்கோட் தளத்தில் பிளாக்குகளை (கட்டளைத் துண்டுகளை) அடுக்கியும் எழுதலாம், பைத்தானிலும் எழுதலாம். குறை விலைதான். இருபது பிள்ளைகளுக்கு இருபது வாங்கினால் தொகை கண்ணைக் கட்டும், அதனால் பத்துதான் வாங்குவீர்கள், பத்தை வாங்கினால் பருவ முடிவில் தைத்ததைப் பிரித்துப் போர்டைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள். ஒரு பிள்ளை வாரக்கணக்கில் தைத்ததை அவள் கண்முன்னே கத்தரியால் வெட்டுவதற்கு எனக்கு மனம் வராது.

மூன்றாவது, ரிச்சி ஸ்ட்ரீட் வழி. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் நானோ குளோன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒரு மைக்ரோபிட் விலையில் நாலைந்து வாங்கலாம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நானோவின் துளைகள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக இருக்கும், அதில் பிரிபிரியான எஃகு நூலைச் சுற்றினால் பக்கத்துப் பின்னில் உரசும், உரசினால் ஷார்ட். அதற்கு 5 வோல்ட்டும் வேண்டும், காயின் செல்லில் ஓடாது. பவர் பேங்கில் மாட்டினால் இழுக்கிற மின்னோட்டம் போதாமல் பல பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும். குளோன்களில் வருகிற சிஎச்340 சிப்புக்குக் கணினியில் டிரைவர் தேவைப்படலாம், பள்ளிக் கணினியில் எதையும் நிறுவுவதற்கு யாரிடமாவது பாஸ்வேர்ட் கேட்டு நிற்கவேண்டும், அந்த யாரோ சனிக்கிழமை வரமாட்டார். தையலுக்கு நானோ வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

அதே கடைகளில் கிடைக்கிற ஏடிடைனி85 என்ற சின்னச் சிப் வேறு கதை. எட்டுக் கால், 8 கேபி நினைவகம், ஐந்து பின்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். காயின் செல்லிலேயே ஓடும், மலிவு, கால்களை எல்இடி மாதிரியே சுருட்டித் துணியில் தைக்கலாம். பிள்ளைக்கே கொடுத்துவிடலாம். நிரல் ஏற்றத்தான் ஒரு ஆர்டுயினோவை இடையில் வைத்து வயரிங் செய்யவேண்டும், அதைத் தைப்பதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும், அதாவது நிரலில் தப்பு என்றால் தையலைப் பிரிக்கவேண்டும். சிப்பை நேரடியாகத் தைக்காமல் எட்டுக்கால் சாக்கெட்டைத் தைத்தால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும். தொடக்க வகுப்புக்கு இது முதல் போர்டாக வேண்டாம், அடுத்த கட்டத்துக்கு அருமையானது.

நான்காவது மைக்ரோபிட். 2016இல் பிபிசி பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுமார் பத்து லட்சம் போர்டுகளை இலவசமாகக் கொடுத்த திட்டத்தில் பிறந்தது. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்தன. இது தைப்பதற்காகச் செய்த போர்டு இல்லை, செவ்வகமாக இருக்கும், கீழ் ஓரத்தில் ஐந்து பெரிய துளை மட்டும்தான். அவற்றுக்கு நடுவில் இருக்கிற சின்னத் தகடுகளில் நூல் படும் ஆபத்தும் உண்டு. பின்னிலிருந்து கிடைக்கும் மின்னோட்டம் சில மில்லி ஆம்பியர்தான், ஒரே பின்னில் ஐந்தாறு எல்இடியை மாட்டினால் மங்கும். இத்தனையும் தெரிந்தே இதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

முதல் காரணம், யூஎஸ்பியில் மாட்டினால் பென்டிரைவ் போலத் திறக்கும், நிரல் கோப்பை இழுத்துப் போட்டால் போதும். டிரைவர் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம். இரண்டாவது, அதை நேரடியாகப் பிள்ளைகளின் துணியில் தைக்கத் தேவையில்லை. கெட்டியான ஃபெல்ட் துணியில் உள்ளங்கை அளவு ஒரு ஒட்டுத்துணி வெட்டி, அதில் மைக்ரோபிட்டை நீங்களே ஒருமுறை ஒழுங்காகத் தைத்துவிடுங்கள், ஐந்து துளையிலிருந்தும் எஃகு நூல் ஐந்து உலோகப் பிரஸ் பட்டன்களுக்குப் போகட்டும். பிள்ளைகளின் துணியில் அதே இடைவெளியில் பட்டன்களின் மறுபாதி. டப் டப்பென்று அழுத்தினால் போர்டு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும். பத்துப் போர்டு இருபது பேருக்குப் போதும், அடுத்த வருடம் வருகிற இருபது பேருக்கும் போதும், துணி முழுசாகப் பிள்ளையிடமே இருக்கும். வீட்டில் போர்டு இல்லாமல் எப்படி எரியும் என்றால், அதே பட்டன்களில் மாட்டுகிற மாதிரி காயின் செல் வைத்த இன்னொரு ஒட்டுத்துணியை அவளே தைத்துக்கொள்ளலாம். மின்னாது, சும்மா எரியும். முதல் மாதம் கற்றதெல்லாம் அங்கே திரும்பவும் கைக்கு வரும்.

இந்த ஏற்பாட்டில் தொடு சென்சாரைச் செய்துவிட முடிகிறது, இந்த வகுப்பையே நடத்தலாம் என்று எனக்குத் தோன்றவைத்தது அந்தப் பாடம்தான். சமையலறை அலுமினியம் ஃபாயிலில் இரண்டு துண்டு, ஒன்று கிரவுண்டுக்கு (மைனஸ் பக்கம்), மற்றொன்று பின் பூஜ்ஜியத்துக்கு. 3 வோல்ட்டுக்கும் அந்தப் பின்னுக்கும் நடுவில் ஒரு மெகா ஓம் மின்தடை. இரண்டு கையாலும் இரண்டு துண்டையும் பிடித்தால் உடம்பு வழியாகச் சுற்று முழுமையாகிறது, திரையில் 0 முதல் 1023க்குள் ஒரு எண் வருகிறது, அழுத்திப் பிடிக்கப் பிடிக்க எண் இறங்குகிறது. 3 வோல்ட்தான், ஒன்றும் ஆகாது. எந்த எண்ணுக்குக் கீழே போனால் விளக்கு மின்னவேண்டும், எதற்குக் கீழே போனால் பாட்டு வரவேண்டும் என்று பிள்ளைகள் வரம்பு வைத்து எழுதுவார்கள். இப்போது அவர்களை ஏசி போட்ட கணினி அறையிலிருந்து வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சென்னை வெயிலில் பத்து நிமிடம் நின்றால் உள்ளங்கை வியர்க்கும், தோலின் மின்தடை குறையும், லேசாகத் தொட்டாலே விளக்கு மின்னத் தொடங்கிவிடும். உள்ளே சரியாக ஓடிய நிரல் வெளியே தப்பாக ஓடுகிறது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நிலையான ஓர் எண்ணை எழுதிவைத்தது போதாது, முதலில் அளந்து பார்த்துவிட்டு அதிலிருந்து வரம்பைக் கணக்கிட வேண்டும் என்ற யோசனை அப்போது ஒரு பிள்ளையின் வாயிலிருந்தே வரும். மாறி, நிபந்தனை, அளவுதிருத்தம் மூன்றையும் ஒரே மதியத்தில் இவ்வளவு இயல்பாகக் கொண்டுவருகிற வேறு பாடம் எனக்குத் தெரியாது.

மொழி எது என்ற கேள்விக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். நம் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++, பன்னிரண்டில் பைத்தான். மைக்ரோபிட்டில் பிளாக்கில் தொடங்கி அதே திரையில் பைத்தானுக்கு மாற்றிப் பார்க்கலாம், ஏடிடைனிக்குப் போகிறவர்கள் சி++ வாசனையைப் பிடித்துவிடுவார்கள்.

யார் நடத்துவது என்பது போர்டைவிடப் பெரிய விஷயம். பல அரசுப் பள்ளிகளில் தையலுக்கும் கணினிக்கும் பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தும் சேர்ந்து ஒரு வகுப்பு எடுக்கச் சந்தர்ப்பம் வந்திருக்காது. இரண்டு பேரையும் சேர்த்து அழையுங்கள். தையல் டீச்சர் துணியைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தாலே எந்த முடிச்சு தளர்வு என்று சொல்லிவிடுவார். கணினி ஆசிரியருக்கு அதற்கு மல்டிமீட்டர் வேண்டும்.

ஆகவே என் வரிசை: முதல் மாதம் காயின் செல்லும் எஃகு நூலும், அப்புறம் ஒட்டுத்துணியில் தைத்த பத்து மைக்ரோபிட், கடைசிவரை நிற்கிற பிள்ளைகளுக்குக் கையோடு கொண்டுபோக ஏடிடைனி. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு நாள் பட்டறை என்றால் போர்டை மறந்துவிடுங்கள், மூன்று எல்இடி பட்டை ஒன்றைத் தைத்து முடிக்கவே அந்த நாள் சரியாக இருக்கும். பெரிய நன்கொடை கிடைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடவே முடியும் என்றால் சர்க்யூட் பிளேகிரவுண்ட் எக்ஸ்பிரஸ் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். எது எடுத்தாலும் லித்தியம் பாலிமர் பேட்டரியை மட்டும் வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள், நூல் ஷார்ட்டாவது நிச்சயம் நடக்கும், அது தீப்பிடிக்கிற சாமான். மைக்ரோபிட்டுக்கு இரண்டு டிரிபிள்-ஏ செல் போதும். பட்டன் தைக்கத் தொடங்குவதற்கு முன்னால் அட்டையில் ஐந்து ஓட்டை போட்ட ஓர் அளவுச்சட்டம் செய்து எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள், இருபது துணியிலும் இடைவெளி ஒன்றாக இருந்தால்தான் எந்தப் போர்டும் எந்தத் துணியிலும் பொருந்தும்.